திருஷ்டிக்கு வாங்கிய மீன்

எனக்கென்று வாய்த்த ஒரே நாத்தனாரே, என் கலா,

முதலில் உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். நம் வீட்டில் இப்போது மீன் தொட்டி இருக்கிறது. ஆமாம், லாபுவில், நம் வீட்டுக் கூடத்தில்தான். தாடிகாவில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு வந்து உன் ஹெல்மெட்டை வைப்பாயே ஒரு அலமாரி, அதை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் வைத்திருக்கிறோம்.

சிரிக்காதே. பாசாரில் வாளிக்குள் கெலி மீன் துள்ளியதைப் பார்த்து உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தவள் நான்தான். செத்த மீனை ஒரு கூடை கொடுத்தாலும் செதில் சீவி, குடலெடுத்து, மஞ்சள் தடவி வைத்துவிடுவேன். உயிருள்ள மீனின் வழவழப்பை நினைத்தாலே உள்ளங்கை கூசும். அந்த நான்தான் இப்போது முழங்கை வரை தண்ணீருக்குள் கையை விட்டு, மீன் போட்ட பீயை ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் குமட்டுகிறது. ஒரு தடவைகூடப் பழகவில்லை.

இதை உனக்குச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, நாத்தனார் இருக்கும் வீடு, ஜாக்கிரதை என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். வந்து பார்த்தால் நீ வாசலில் நின்றுகொண்டு, “அண்ணி, வெளிய எங்க போனாலும் என்னயும் கூட்டிட்டுப் போங்கலா” என்றாய். அன்று முதல் நீயும் நானும் சேர்ந்தே போனோம், சேர்ந்தே வந்தோம். ஆஸ்பத்திரிக்கும் சேர்ந்துதான் போனோம். திரும்பி வரும்போது மட்டும் நான் தனியாக வந்தேன்.

தொட்டி எப்படி வந்தது என்று சொல்கிறேன், கேள்.

உன் கருமாதி முடிந்து பந்தலைப் பிரித்த கையோடு உன் சித்தப்பா கூடத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். தோட்டம் கைமாறி, லயத்தை இடித்து, நம்மையெல்லாம் இந்த வரிசை வீடுகளில் கொண்டுவந்து போட்ட பிறகும் அவர் மண்டோர்தான். காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆள் எடுப்பது ஒன்றுதான் குறை. அவர் சொன்னார்: இந்த வீட்டுக்குக் கண்டம் இருக்கிறது. முதலில் உன் அப்பா போனார், பிறகு உன் அம்மா போனார், இப்போது நீயும் போய்விட்டாய். மீன் தொட்டி வைக்க வேண்டும். எட்டு தங்க மீன், ஒரு கருப்பு மீன். தங்கம் லட்சுமியைக் கூட்டிவரும். கருப்பு திருஷ்டியை வாங்கிக்கொள்ளும்.

“கருப்பு எல்லாத்தையும் இழுத்துக்கும்மா. செத்துச்சுன்னா நமக்கு வர இருந்தத அது கொண்டு போயிருச்சுன்னு அர்த்தம். தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கி விட வேண்டியதுதான்.”

இந்தச் சாஸ்திரம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எட்டும் ஒன்றும் சீனர் கடையில் கேட்டது. திருஷ்டி நம்முடையது. இரண்டையும் ரோஜாக் மாதிரி பிசைந்து நம் வீட்டு வாசலில் வைத்தார். உன் அண்ணன் வழக்கம்போலத் தலையாட்டினார். நீ போனதிலிருந்து அவர் செம்பனை லாரி ஓட்டுகிறார், வருகிறார், சாப்பிடுகிறார், சுவரைப் பார்க்கிறார். யார் எதைச் சொன்னாலும் சரி என்கிறார்.

லுக்குட்டில் சித்தப்பாவுக்குத் தெரிந்த கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு சீனர், வாயில் பல்குச்சியோடு பேசுகிறவர். தொட்டியின் அளவைக் கேட்டுவிட்டு, இதற்கு ஒன்பது மீன் மிக அதிகம் என்று மலாயில் சொன்னார். முதலில் தண்ணீரை ஊற்றி, சில வாரம் பில்டரை ஓடவிட்டு, அதற்குப் பிறகு மீனை விட வேண்டும் என்றும் சொன்னார். வெறும் தண்ணீரை எவ்வளவு நாள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று சித்தப்பா கேட்டார். உடனே அந்த மனிதர் வலையை எடுத்து ஒன்பது மீனையும் பிடித்துப் பையில் போட்டுவிட்டார். வாய் வேண்டாம் என்றது, கை விற்றது. அவர்மேலும் எனக்கு அன்றைக்கே வெறுப்பு வந்துவிட்டது.

அந்தக் கருப்பு மீனை நீ பார்க்க வேண்டுமே. உடம்பு முழுக்க அடுப்புக்கரி. கண் இரண்டும் முகத்தைவிட்டு வெளியே பிதுங்கி நிற்கும். யாரோ பின்னாலிருந்து கழுத்தை நெரித்ததுபோல ஒரு முழி. காரில் வரும்போது அந்தப் பை என் மடியில்தான் இருந்தது. வழியெல்லாம் அது என்னையே பார்த்துக்கொண்டு வந்தது.

தொட்டி வைத்த விதத்தையும் கேள். உன் சித்தி, வெள்ளிக்கிழமை வைக்கிற சாமான், சுத்தமாக இருக்கட்டும் என்று பாத்திரம் கழுவும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். சித்தப்பா நல்ல நேரம் பார்த்துக் குழாய்த் தண்ணீரை நேராகப் பிடித்து ஊற்றினார். புது லாரிக்கு வைப்பதுபோல நான்கு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டினார்கள். எலுமிச்சம்பழம் ஒன்றைத்தான் நசுக்கவில்லை. கையோடு ஒன்பது மீனையும் உள்ளே கொட்டினார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் புண்ணியம் என்று ஆளுக்கொரு துண்டு தோசை, பிஸ்கட், ரொட்டி என்று போட்டுவிட்டுப் போனார்கள். அந்த வாரம் முடிவதற்குள் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி ஆனது. கூடத்தில் நுழைந்தாலே மூக்கைப் பொத்த வேண்டியிருந்தது.

முதல் தங்க மீன் மிதந்தபோது நான்தான் பார்த்தேன். வயிறு வெளுத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மற்ற மீன்கள் அதன் வாலைக் கொத்திக்கொண்டிருந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் சித்தியைக் கூப்பிட்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, கும்பிட்டார் கலா. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“நல்லதுலா. எதுவோ பெருசா வர இருந்திருக்கு. அது வாங்கிக்கிட்டுப் போயிருச்சு.”

அதற்குப் பிறகு செத்த ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பெருமை கிடைத்தது. உன் அண்ணனின் லாரி செம்பனைக் குலைகளோடு பள்ளத்தில் இறங்கி, அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அது அன்று காலையில் செத்த மீனின் புண்ணியம். சித்தியின் மருமகனுக்கு நீலாயில் வேலை நிரந்தரமானது. அதற்கு இன்னொரு மீன். சித்தப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியது, அதற்கும் ஒன்று. மாத்திரைக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்பார்கள். எலியை விரட்டுகிற பூனை பரவாயில்லை, அது எலி செத்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்ளாது.

எனக்கு ஏன் இவ்வளவு எரிந்தது என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது கேட்கிற நிலையில் இல்லை.

கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தோம். நான் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். மூக்கில் பஞ்சு வைத்தது சரியாக இல்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது சித்தி பக்கத்தில் இருந்தவர்களிடம், என் காதில் விழுகிற மாதிரியே சொன்னார்.

“அவ நல்லவ. இந்தக் குடும்பத்துக்கு இருந்த கண்டத்த எல்லாம் இழுத்துக்கிட்டுப் போயிட்டா. இனிமே இவங்களுக்கு நல்ல காலம்தான்.”

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். யாரோ ஆறுதலாக என் முதுகைத் தடவினார்கள். அந்தக் கையை நான் தட்டிவிட்டேன், அதை என் துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கு அழுகை நின்றுபோயிருந்தது. அழுகிப்போன எதையோ வாயில் வைத்துவிட்டதுபோல ஓர் அருவருப்பு தொண்டையில் வந்து நின்றது. இன்னும் இறங்கவில்லை.

உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரத்தைத் தின்றுவிட்டு நிறத்தைச் சொல்லித் திரும்பிப் போனார்களே, அப்போது இதே சித்தி என்ன சொன்னார்? கருப்பாய்ப் பிறந்தவளுக்கு அதிகம் ஆசை கூடாது என்றார். உயிரோடு இருந்தவரை ஒன்றுக்கும் ஆகாத கருப்பு, செத்த பிறகு குடும்பத்துக்கே நல்லது செய்கிறதாம். இப்போது அதே வேலைக்குக் கடையிலிருந்து ஒரு கருப்பை வாங்கி வந்து கண்ணாடிக்குள் போட்டிருக்கிறார்கள். சீ.

அதனால்தான் முடிவு செய்தேன். பிரியத்தால் இல்லை கலா, வெறுப்பால்தான். இந்த வீட்டில் இனி எதுவும் யாருக்காகவும் சாகக் கூடாது. அந்த முட்டைக்கண் மீனைச் சாக விடவே கூடாது.

வெறுப்பு நல்ல வேலைக்காரி என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கைப்பேசியில் தேடித் தேடிப் படித்தேன். மீனின் கழிவே தண்ணீரை விஷமாக்கும். அந்த விஷத்தைத் தின்னும் கிருமிகள் பில்டர் பஞ்சில் வளர வாரக்கணக்காகும். அவை வளர்வதற்குள் நாம் ஒன்பது மீனையும் ஒரே நாளில் இறக்கிவிட்டோம். குழாய்த் தண்ணீரில் இருக்கிற மருந்து நமக்கு நல்லது, மீனுக்கு நஞ்சு. இரவே வாளிகளில் பிடித்துவைத்து, கொசு நுழையாமல் வலைத்துணி கட்டி மூடி, மறுநாள்தான் ஊற்ற வேண்டும். உன் காய்ச்சலுக்குப் பிறகு இந்த வீட்டில் வாளி எதுவும் திறந்து கிடப்பதில்லை, ஏன் என்று உனக்கே தெரியும்.

தினமும் தொட்டியில் கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டு, வைத்திருந்த தண்ணீரை ஊற்றினேன். பஞ்சைக் குழாயில் கழுவக் கூடாதாம், தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டுமாம். பிழிந்தால் பழுப்பாக ஒரு கூழ் வரும். அதன் வாடையை நான் உனக்கு எழுதப்போவதில்லை. தொட்டிக்கு மேல் தட்டைக் கவிழ்த்து, யாரும் எதுவும் போடக் கூடாது என்று சொன்னேன். மருமகள் மீனைப் பட்டினி போடுகிறாள் என்று வரிசை வீடு முழுவதும் பேச்சு.

தண்ணீர் தெளிந்தது. நான் நிமிர்வதற்குள் அடுத்தது வந்தது. இருந்த மீன்களின் உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, ரவையைத் தூவியதுபோல. கருப்பு மீனில்தான் பளிச்சென்று தெரிந்தது. சித்தி பார்த்தார், அலறவில்லை, பயபக்தியோடு பின்வாங்கினார். மீனுக்கு அம்மை போட்டிருக்கிறதாம். மாரியாத்தா வந்திருக்கிறாளாம்.

நான் வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் தொட்டியைச் சுற்றி வேப்பிலை கட்டியாகிவிட்டது. தண்ணீரில் மஞ்சள்தூள் கரைத்தாகிவிட்டது. வீட்டில் தாளிக்கக் கூடாது, மீன் குழம்பு வைக்கக் கூடாது என்று உத்தரவு. மீனுக்கு அம்மை போட்டதற்காக மீன் குழம்பு வைக்காத வீடு உலகத்திலேயே நம் வீடாகத்தான் இருக்கும். நீ இருந்திருந்தால் இருவரும் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்திருப்போம். நான் மட்டும் தனியாக நின்று மஞ்சள் தண்ணீரை வாளி வாளியாக இறைத்தேன். அதற்குள் மிச்சமிருந்த தங்க மீன்களும் போய்விட்டன.

லுக்குட் கடைக்காரரைக் கேட்டேன். அது ஒட்டுண்ணியாம். கல்லுப்பு போட்டு, தண்ணீரைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக வைக்கச் சொன்னார். சித்திக்கு இது தெரிந்ததும், “பாத்தியா, ஆத்தாவுக்கு உப்புதான் கொட்டுவாங்க” என்று வெற்றியோடு சொன்னார். நான் வாதாடவில்லை. உப்பு உள்ளே போனால் போதும் எனக்கு.

புள்ளிகள் உதிர்ந்தன. ஆனால் கருப்பு மீன் சாப்பிடவில்லை. அடியில் கல்லின்மேல் ஒரு பக்கமாகப் படுத்துக்கிடந்தது. தீனியைப் போட்டால் அது மூக்கின்மேல் வந்து விழும், அப்படியே கிடக்கும். செவுள் மட்டும் அசையும். கடைசி இரண்டு நாள் நீ கஞ்சியைத் தள்ளிவிட்டுப் படுத்திருந்தாயே, எனக்கு அந்த ஞாபகம்தான். மீனை உன்னோடு ஒப்பிடுகிறேனே என்று என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. ஆனாலும் தொட்டிக்கு முன்னாலிருந்து எழுந்திருக்க முடியவில்லை.

சித்தப்பா வந்து பார்த்தார். வெள்ளிக்கிழமை எட்டு தங்க மீனும் ஒரு புதுக் கருப்பும் கொண்டுவருவதாகச் சொன்னார். குற்றுயிராய்க் கிடப்பது வீட்டுக்கு ஆகாது, அதற்குள் சாகவில்லையென்றால் லோங்காங் சாக்கடையில் கொட்டிவிடலாம் என்றார்.

“நீ ஏம்மா அதோட மல்லுக்கு நிக்கிற. விடு. அது வந்த வேலைய முடிக்கட்டும்.”

வந்த வேலை. உன்னைப் பற்றியும் மனதுக்குள் இப்படித்தானே நினைத்திருப்பார்?

மறுபடி கடைக்காரருக்குப் போன் செய்தேன். எதையுமே தின்னாத மீன்கூட உயிருள்ள தீனியைக் கண்டால் வாயைத் திறக்கும் என்றார். ஜெந்திக்-ஜெந்திக் கிடைத்தால் போடு, அது போதும் என்றார்.

அந்தச் சொல்லை நான் அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருந்தேன். நீ போன பிறகு புகையடிக்கிற சுகாதார இலாகாக்காரர்கள் நம் வரிசைக்கு வந்தார்கள். டார்ச் விளக்கை அடித்து வாளி, பூந்தொட்டி, கூரைத் தகரம் என்று எல்லாவற்றிலும் அதைத்தான் தேடினார்கள். கொசுப்புழு. டிங்கிக் காய்ச்சல் கொசுவின் குஞ்சு. அப்போது நம் வீட்டில் எதுவும் கிடைக்கவில்லை. பக்கத்து வீடுகளிலும் கிடைக்கவில்லை. வரிசைக்குப் பின்னால் ஆலமரத்தடியில் இருக்கும் முனீஸ்வரர் மேடைப் பக்கம் அவர்கள் போகப் பார்த்தபோது சித்தப்பா குறுக்கே நின்றார். சாமி இடம், பூட்ஸ் காலோடு போகக் கூடாது என்றார். அவர்களும் மரியாதையாக ஒதுங்கிப் போய்விட்டார்கள்.

உன்னைக் கொன்றதன் குஞ்சைத் தேடிப்பிடித்து ஒரு மீனுக்கு ஊட்ட வேண்டும் என்கிறார் ஒருவர். போனை வைத்துவிட்டு ஒரு டப்பாவையும் தேநீர் வடிகட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முந்தின நாள் நல்ல மழை. நம் வீட்டுப் பக்கம் நானே எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்திருந்தேன், ஒரு சொட்டு இல்லை. லோங்காங்கில் ஓடுகிற அழுக்குத் தண்ணீரில் ஒன்றும் தென்படவில்லை. செம்பனை ஓரத்தில் தேடினேன், கிழிந்த டயர் எதுவும் இல்லை. கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு முனீஸ்வரர் மேடைக்குப் பின்னால் போனேன்.

கலா, அங்கே தேங்காய் மூடிகள் குவிந்து கிடந்தன.

வெள்ளிதோறும் சித்தப்பா நமக்கெல்லாம் சுற்றி உடைக்கிற திருஷ்டித் தேங்காய். முன்பெல்லாம் அவர் ஓங்கி அடித்தால் சுக்கு நூறாகச் சிதறும். கையில் பலம் போன பிறகு இரண்டாகத்தான் பிளக்கிறது. திருஷ்டி கழித்த காயை யாரும் எடுக்க மாட்டார்கள், மிதிக்கவும் மாட்டார்கள், கூட்டித் தள்ளவும் மாட்டார்கள். குரங்கு வந்து பருப்பைத் தின்றுவிட்டுப் போகும். மூடி மட்டும் மல்லாந்து கிடக்கும், மழை வந்து நிறையும். நான் குனிந்து பார்த்தேன். தெளிந்த தண்ணீர். அதற்குள்ளே நெளிகிறது. ஒரு மூடியில் இல்லை, பார்த்த மூடியிலெல்லாம் நெளிகிறது. நமக்கு வரவிருந்த கண்ணேறு எல்லாவற்றையும் சுற்றிப் போட்ட இடத்தில் அவை குடும்பம் குடும்பமாகத் தலைகீழாய்த் தொங்கிக்கொண்டிருந்தன.

மேடைக்குப் பின்னால் தள்ளிப் போய் வாந்தி எடுத்தேன். சாமி மன்னிப்பார். அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அவர் காயைக் கேட்கவும் இல்லை, மூடியை அங்கேயே விட்டுவிடு என்று சொல்லவும் இல்லை.

டப்பாவில் ஊற்றிக்கொண்டு வரத்தான் போனேன். ஆனால் ஒரு மூடியை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு, சிந்தாமல் நடந்து வந்தேன். அன்று வெள்ளிக்கிழமை. கூடத்தில் சித்தப்பா மீன் பையோடு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் சித்தி. உன் அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையைப் பார்த்ததும் சித்தப்பா எழுந்துவிட்டார்.

“அதக் கீழ போடும்மா. திருஷ்டி கழிச்சது. வீட்டுக்குள்ள கொண்டாரக் கூடாது.”

உள்ளே பாருங்கள் மாமா என்று நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். தண்ணீர் என்றார். மறுபடி பார்க்கச் சொன்னேன். பார்த்தார். அதன்பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை.

“கலா கண்டத்த இழுத்துக்கிட்டுப் போகல மாமா. அவளக் கொசு கடிச்சிச்சு. அவ்வளவுதான்.”

“இந்தக் கொசுதான்னு உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார். குரலில் மண்டோர் இல்லை.

“தெரியாது. திருஷ்டிதான்னு ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சோ, அப்படி எனக்கு எதுவும் தெரியாது.”

தட்டை எடுத்துவிட்டு, மூடித் தண்ணீரை வடிகட்டியில் ஊற்றி, அதைத் தொட்டியில் தோய்த்தேன். புழுக்கள் துள்ளித் துள்ளிக் கீழே இறங்கின. கருப்பு மீன் படுத்தபடியே கிடந்தது. ஒன்று அதன் பிதுங்கிய கண்ணுக்கு முன்னால் நெளிந்து போனது. மீன் அசையவில்லை. இன்னொன்று போனது. அப்புறம் துடுப்பு ஒரு தடவை அடித்தது. நிமிர முடியாமல், பாதி சாய்ந்தபடியே முன்னால் வந்து, வாயைத் திறந்து உறிஞ்சியது. அடுத்ததையும் உறிஞ்சியது. அதற்குப் பிறகு அது படுக்கவே இல்லை கலா. ஒன்று விடாமல் துரத்தித் துரத்தித் தின்றது. வாழ்நாளில் அவ்வளவு அசிங்கமான ஒரு சாப்பாட்டை நான் பார்த்ததில்லை. அவ்வளவு ஆசையாகவும் எதையும் பார்த்ததில்லை.

சித்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். உன் அண்ணன் எப்போது எழுந்து என் பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை. மீன் கடைசிப் புழுவை முடிக்கிறவரைக்கும் நின்று பார்த்தார். பிறகு பின்கட்டுக்குப் போய் ஓர் உரச் சாக்கை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். எங்கே போகிறார் என்று சித்தப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அது கழித்த காய்டா, கையால் தொடாதே என்றார்.

“என் தங்கச்சியே போயிட்டா சித்தப்பா. இனி எனக்கு என்னா திருஷ்டி.”

நீ போன பிறகு அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். மூடிகளைச் சாக்கு நிறையத் தூக்கிக்கொண்டு வந்து, லாரியில் ஏற்றி, குப்பை மேட்டுக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து குளித்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். உனக்காக அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

சித்தப்பா புது மீன் பையை அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு போனார். இப்போதும் வெள்ளிதோறும் தேங்காய் உடைக்கிறார். அதைத் தடுக்க நான் யார்? ஆனால் உடைத்த கையோடு மூடிகளைச் சாக்கில் பொறுக்கிப் போடுகிறார். ஏன் என்று கேட்டவர்களிடம் மழைக்காலம் என்றாராம். தப்பு என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். சித்தி இன்னும் உன் சாவை நல்ல சாவு என்றுதான் நம்புகிறார், என் எதிரில் மட்டும் சொல்வதில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். உன்னைக் கடித்தது அந்த மூடியில் பிறந்ததா, வேறெங்காவது பிறந்ததா? தாடிகாவிலா, வழியிலா, நம் வாசலிலேயா? எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. நான் கொஞ்சம் முன்னாலேயே அந்தப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் என்று மட்டும் கேட்டுவிடாதே.

கருப்பு மீன் கொழுத்துவிட்டது. நான் கூடத்துக்குள் வந்தால் கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. இன்னும் எனக்கு அதைப் பிடிக்கவில்லை. அந்தக் கண்ணைப் பார்த்தால் இப்போதும் முகம் சுளிக்கிறது. அதற்கு உன் பெயரை வைக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வாயை மூடச் சொல்லிவிட்டேன். நீ மீன் இல்லை. அது உனக்குப் பதிலாக வந்ததும் இல்லை. அது ஒரு மீன், அது உயிரோடு இருக்க வேண்டும், அதற்கு மேல் அதனிடமிருந்து யாருக்கும் எதுவும் வரக் கூடாது.

அதுவும் ஒருநாள் சாகும். அன்றைக்குச் சித்தியோ வேறு யாரோ கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்குவதற்குள் நான் முந்திக்கொள்வேன். மீன் செத்துப்போச்சு என்பேன், அவ்வளவுதான். உன்னைப் பற்றி யார் பேச வந்தாலும் இதையே சொல்வேன், இது சத்தியம்: எங்க கலா எதையும் எடுத்துக்கிட்டுப் போகல. டிங்கி வந்துச்சு, செத்துப்போனா. நாங்க நல்லா இல்ல.

நல்ல காலம் எதுவும் வந்து சேராத வீட்டிலிருந்து,
உன் அண்ணி